பவர் அம்ப் சேர்ப்பதா, வேறு வழி பார்ப்பதா?

மட்டக்களப்பு கல்லடியில் என் மைத்துனர் வீட்டு முன்னறை 12 அடிக்கு 14 அடி. ஒலிக் கட்டுப்பாடும் ஸ்பீக்கரை இழுக்கும் பலமும் ஒரே பெட்டியில் உள்ள 50 வாட் இன்டகிரேட்டட் அம்ப் ஒன்று, 86 டெசிபல் உணர்திறன் (கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) கொண்ட சின்ன ஸ்பீக்கர் இரண்டு. வடமோடிக் கூத்து ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு, "மச்சான், மத்தளம் எழும்பவில்லை. 100 வாட் பவர் அம்ப் ஒன்று சேர்ப்போமா?" என்றார்.

பவர் அம்ப் என்பது ஒலியைப் பலப்படுத்தி ஸ்பீக்கரை இழுக்கும் வேலையை மட்டும் செய்யும் பெட்டி. சேர்க்கலாம். ஆனால் வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட், அதாவது 500. திருவிழாவில் பனையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி சில வாட்டிலேயே ஊரை எழுப்புவது அம்ப்பின் பலத்தால் அல்ல, கூம்பின் உணர்திறனால்.

முதல் வழி, இருக்கும் அம்ப்பின் ப்ரீ-அவுட்டிலிருந்து (வால்யூம் குமிழைத் தாண்டி வரும் ஒலியை வெளியே தரும் துளை) பவர் அம்ப்புக்கு வயர் கொடுப்பது. ஒலிக் கட்டுப்பாடு பழைய அம்ப்பிலேயே இருக்கும், ஸ்பீக்கரை இழுக்கும் வேலை மட்டும் புதியதற்கு. 8 ஓம் மின்தடை என்று எழுதிய ஸ்பீக்கரும் சில அதிர்வெண்களில் 4 ஓமுக்குக் கீழே இறங்கி மின்னோட்டத்தை வாரிக் கேட்கும். பழைய அம்ப்பின் சின்ன டிரான்ஸ்ஃபோர்மர் அங்கே திணறும். அந்த நேரத்தில் பவர் அம்ப் தன் விலைக்கு வேலை செய்யும். ப்ரீ-அவுட் இல்லையென்று, ஒலிப்பதிவுக் கருவிக்கான ரெக்-அவுட்டில் செருகிவிடாதீர்கள். அதை வால்யூம் குமிழ் கட்டுப்படுத்தாது. முதல் நொடியிலேயே முழுச் சத்தமும் ஸ்பீக்கரில் இறங்கும். சில பழைய அம்ப்களில் ப்ரீ-அவுட்டையும், அம்ப்பின் பவர் பகுதிக்குள் ஒலி நுழையும் மெயின்-இன்னையும் வளைந்த உலோகத் துண்டு இணைத்திருக்கும். அது தொலைந்த அம்ப் ஊமையாகிவிடும். பழுதென்று நினைத்து மலிவாக விற்பவர்களும் உண்டு, வாங்குபவருக்கு யோகம்.

பாவித்த ஜப்பான் பவர் அம்ப் என்றால் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நமது 230 வோல்ட்டில் நேரே செருகியதும் புகைதான். அதன் மின்தேவையைத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபோர்மருக்கும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது வழி பை-அம்பிங்: உயர் அதிர்வெண் ஒலிக்கு ஒரு அம்ப், தாழ் அதிர்வெண் ஒலிக்கு இன்னொன்று. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. இரு அம்ப்களின் பெருக்கமும் ஒத்துவராவிட்டால் ஒலியின் சமநிலை சாயும். அதைவிட மோசம், ஸ்பீக்கரின் பின்னால் நான்கு முனைகளை இணைக்கும் தகடுகளைக் கழற்ற மறப்பது. இரு அம்ப்களின் வெளியீடுகளும் ஒன்றோடொன்று மோதும், ஒன்றாவது போய்விடும்.

மூன்றாவது, அம்ப்பை விற்றுவிட்டுப் பெரிய இன்டகிரேட்டட் வாங்குவது. பெட்டியும் வயரும் பெருகாது. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருப்பதால் இதைச் சிறிய வசதி என்று தள்ள மாட்டேன். உப்புக் காற்றில் செருகும் முனைகள் கறுத்து, ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென்று அடங்கிப்போவதை இங்கே பலமுறை பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் ஓடிப்போய்க் கழற்ற வேண்டிய பிளக்கும் ஒன்றோடு முடியும்.

இவ்வளவும் கதைத்த பிறகு, ஸ்பீக்கரின் துணியைக் கழற்றிவிட்டு அதே மத்தளத்தை மீண்டும் போட்டோம். குமிழைக் கூட்டக் கூட, ஸ்பீக்கருக்குள் அதிரும் 5 அங்குலக் கூம்பு முன்னும் பின்னும் பாய்ந்து, ஓரிடத்தில் 'டொக்' என்று முட்டியது. அம்ப் திணறியிருந்தால் பாட்டுக் குரலும் கரகரத்திருக்கும். கூத்து ஆசிரியரான அண்ணாவியார் குரல் தெளிவாகவே இருந்தது. அதற்கு மேல் 100 வாட் கொடுத்திருந்தால் கூம்பு கிழிந்திருக்கும்.

ஆகவே பவர் அம்ப்புக்கு ஒதுக்கிய பணத்தில், பெரிய கூம்புள்ள 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினார். 4 டெசிபல் ஏற்றம் என்றால் பழைய ஸ்பீக்கருக்கு 125 வாட் கொடுத்ததற்குச் சமம். அம்ப் அதேதான். தூசி துடைத்து, உப்புக் காற்று படாமல் ப்ரீ-அவுட் துளைகளுக்குச் சின்ன ரப்பர் மூடிகளைத் திரும்பப் போட்டுவிட்டோம்.