பெப்பிள் பீச்சா, செயின்ட் ஆண்ட்ரூஸா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலு பேர் ரெண்டு வருஷமாகக் காசு சேர்க்கிறோம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, கடலோரத்தில் பேர்போன ஒரு பழைய கோல்ப் திடலில் ஆடிவிட்டு வர வேண்டும். எங்களில் மூத்த அண்ணன் பெப்பிள் பீச் என்கிறார், நான் ஸ்காட்லாந்தில் இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் என்கிறேன்.

அழகில் பெப்பிள் பீச்தான், அதில் எனக்கு வழக்கே இல்லை. கலிபோர்னியாவில் 1919-ல் திறந்த திடல். ஏழாவது குழிக்குத் தூரம் நூறு கெஜத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், ஆனால் மூன்று பக்கமும் கடல் என்பதால் காற்று எழும்பினால் எந்த மட்டையை எடுப்பது என்றே தெரியாது. எட்டாவதில் இரண்டாம் அடியைக் கடல் பள்ளத்தின் மேல் பறக்கவிட வேண்டும். டைகர் உட்ஸ் 2000 யு.எஸ். ஓப்பன் போட்டியை, அடுத்தவரைவிட 15 தடவை குறைவாகப் பந்தை அடித்து ஜெயித்தது இங்கேதான்.

ஓல்டு கோர்ஸ் முதல் பார்வைக்கு மாடு மேய்கிற திடல் மாதிரி இருக்கும், கடலும் ஆட்டத்துக்குள் வராது. ஆனால் உலகம் முழுக்க 18 குழி ஆடுகிறோமே, அந்தக் கணக்கு இங்கிருந்து வந்தது. 1764-ல் 22-ஐ 18 ஆக்கினார்கள். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்பார்கள், இங்கே ஏழு கிரீன்கள் இரட்டை, போகும்போது ஒரு குழி, திரும்பும்போது இன்னொரு குழி, இரண்டின் எண்ணையும் கூட்டிப் பாருங்கள், 18 வரும்.

செலவு: பெப்பிள் பீச்சில் ஒரு ஆட்டம் 600 டாலருக்கு மேல், நம் காசுக்கு 2,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும். முன்கூட்டியே இடம் பிடிக்க அவர்கள் ரிசார்ட்டிலேயே தங்கவும் வேண்டும். ஓல்டு கோர்ஸும் 300 பவுண்டுக்கு மேல்தான், மலிவு இல்லை. அங்கே இரண்டு நாள் முன்னால் பேர் கொடுத்தால் குலுக்கல். பேர் விழாவிட்டால் பக்கத்திலேயே 1895-ல் திறந்த நியூ கோர்ஸ் இருக்கிறது, கை வீசிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை.

சரி, என் மனசு சாய்ந்ததற்குக் காரணம் வேறு. அந்த நிலத்தில் ஊர்க்காரர்கள் கோல்ப் ஆடலாம் என்று 1552-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது, ஊர் சனம் நாயைக் கூட்டிக்கொண்டு அதன்மேல் நடக்கும். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்து மத்தியானத்தில் துரைமார் கிளப்பின் ஒன்பது குழித் திடலில் பை தூக்கியவர். பந்து தேடப் புல்லில் இறங்கலாம், வேலை முடிந்தால் வேலிக்கு வெளியே வந்துவிட வேண்டும். மட்டையை ஒரு தடவைகூடக் கையில் கொடுத்ததில்லை.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் ஸ்காட்லாந்தில் எந்த மாதம் குளிர் குறைவு என்று கேட்டார். ஞாயிறு அங்கே இருக்கிற மாதிரி டிக்கெட் பார்க்கிறேன், அப்பாவையும் சேர்த்து ஐந்து பேருக்கு.