டோங்கால எந்தத் தீவுல தங்கறது: டோங்காடாபுவா, வாவாவுவா, ஹாபாயா?

பசிபிக் கடல்ல இருக்கற டோங்கா நாட்டுக்குப் போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில்தான் வரும், டோங்காடாபுல பாக்க ஒண்ணும் இல்ல, இறங்கின உடனே வாவாவுக்கு ஃப்ளைட் புடிச்சுடுன்னு. ரெண்டு வருஷம் அங்க வேலை பாத்திருக்கேன், லீவு கிடைக்கும்போதெல்லாம் மத்த தீவுக்குப் போயிடுவேன். அந்த பதில் திமிங்கலம் மட்டும் பாக்கப் போறவங்களுக்கு சரி, அங்க ஜனங்க எப்படி வாழறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா ரொம்பவே தப்பு.

முதல்ல திமிங்கலத்தை முடிச்சுடலாம். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் அண்டார்டிக்கா பக்கம் இருந்து ஹம்ப்பேக் திமிங்கலங்க குட்டி போட டோங்கா கடலுக்கு வரும், தண்ணிக்குள்ள இறங்கி அதுங்க பக்கத்துல நீந்த சட்டப்படி அனுமதி இருக்கற ரொம்ப சில நாட்டுல இதுவும் ஒண்ணு. ஒரு நேரத்துல கைடோட நாலு பேர்தான் இறங்கலாம். 1978ல அப்போ இருந்த ராஜா ஆணை போட்டு திமிங்கல வேட்டையை நிறுத்தினாரு, இன்னைக்கு அதே திமிங்கலம்தான் வாவாவுக்கு சோறு போடுது. படகு அதிகம், ஆபரேட்டர் அதிகம், நெய்யாஃபு துறைமுகம் சுத்தி மலை சூழ்ந்து அலையே இல்லாம குளம் மாதிரி இருக்கும், அதனால வெளிநாட்டு யாட் எல்லாம் வந்து மாசக்கணக்கா நிக்கும். இந்த விஷயத்துல வாவாவுதான், சந்தேகமே வேணாம். ஆனா சீசன்ல நெய்யாஃபு கரையோர ஹோட்டல்ல உக்காந்தா சுத்தி இருக்கறது பாதிக்கு மேல வெளியூர்க்காரங்க, டோங்காக்காரங்க தட்டு எடுத்துட்டு வர்றவங்களாத்தான் கண்ணுல படுவாங்க, எனக்கு அது ரெண்டாவது நாளே உறுத்திச்சு.

டோங்காடாபு தட்டையான தீவு, தலைநகர் நுகுஅலோஃபால டிராஃபிக் உண்டு, தூசி உண்டு, அழகுன்னு பாத்தா மத்த ரெண்டுகிட்ட நிக்காது. ஆனா நாட்டோட ஜனத்தொகையே ஒரு லட்சம்தான், அதுல பத்துக்கு ஏழு பேர் இங்கதான் இருக்காங்க, அப்புறம் எப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்றது? காலைல ஆபீஸ் போற ஆம்பளைங்கள பாருங்க, வேட்டி மாதிரி டுபெனு, அதுக்கு மேல இடுப்புல ஒரு பாய், தேங்காய் நார்க் கயித்தால இறுக்கி கட்டியிருப்பாங்க. அந்த பாய்க்கு பேரு டாஓவாலா. மரியாதை காட்டறதுக்கு கட்டறது, பழசாகி ஓரம் பிஞ்சு போன பாய்க்குத்தான் மதிப்பு ஜாஸ்தி, ஏன்னா அது பாட்டி, அவங்க பாட்டின்னு கை மாறி வந்தது. பக்கத்து வீட்டுல ஒரு சாவுக்குப் போனப்போதான் எனக்கு இது புரிஞ்சது, யாரு எந்த மாதிரி பாய் கட்டியிருக்காங்கன்னு பாத்தே செத்தவருக்கு அவங்க என்ன முறை, மேலயா கீழயான்னு சொல்லிடலாம். அந்த வீட்டுல அத்தை சொல்றதுதான் நடந்துச்சு. டோங்கால கூடப்பிறந்தவங்கள்ல அக்கா தங்கச்சிக்குத்தான் அண்ணன் தம்பியை விட மதிப்பு, அப்பாவோட அக்கா வந்துட்டாங்கன்னா நல்ல பாய், மரப்பட்டைத் துணி, சாப்பாடு எல்லாம் முதல்ல அவங்க முன்னாடி போகும். இதெல்லாம் எந்த டூர்லயும் வராது, ஒரே தெருவுல நாலு மாசம் இருந்தாத்தான் தெரியும், அதுக்கு டோங்காடாபு கிராமங்க போதும்.

டோங்காடாபு பக்கத்துல இருக்கற எயூவா தீவு பத்தி ரெண்டு வரி. ப்ளேன்ல பத்து நிமிஷம் கூட ஆகாது, காடும் செங்குத்தான பாறையும் நடக்கப் பிடிச்சவங்களுக்கு சொர்க்கம், ஆனா ரெண்டு மூணு நாள் போதும்.

ஹாபாய்ங்கற தீவுக் கூட்டம்தான் என் மனசுல நின்னது. 1777ல இங்கிலாந்து மாலுமி கேப்டன் குக் தங்கி விருந்து சாப்பிட்ட லிஃபுகா தீவு இங்கதான், பவுண்டிங்கற இங்கிலாந்து கப்பல்ல மாலுமிங்க கேப்டனை எதிர்த்து பண்ணின கலகம் 1789ல நடந்ததும் இந்தக் கடல்லதான், டோஃபுவா எரிமலை பக்கத்துல. பங்காய்னு ஒரே ஒரு சின்ன ஊரு, சாயங்காலம் சைக்கிள்ல சுத்தினா முடிஞ்சது. தண்ணி வத்தற நேரத்துல கரையோரமா நடந்தா கல்லு வெச்சு அமுக்கின கட்டு கட்டா ஏதோ கிடக்கும், முதல்ல குப்பைன்னு நெனச்சேன், அது தாழை ஓலை, கடல் உப்புல நாள் கணக்கா ஊறி வெளுக்கணும்னு போட்டு வெக்கறாங்க, அப்புறம் கழுவி காய வெச்சு நூல் மாதிரி கிழிச்சு பின்றது. இடுப்புல கட்டற அந்த பாய் இங்க இருந்துதான் ஆரம்பிக்குது. ஒரு அம்மா என்னையும் கூப்பிட்டு கட்டைத் தூக்க வெச்சாங்க, அந்த ஓலையில இருந்து சொட்டின தண்ணியோட வாசம் இன்னும் மூக்குலயே இருக்கு.

ஆனா ஹாபாய்ல ரிஸ்க் இருக்கு, மறைக்க முடியாது. தாழ்ந்த பவளத்தீவுங்க, 2006 பூகம்பத்துல லிஃபுகா 23 சென்டிமீட்டர் கிட்ட கீழ இறங்கிடுச்சு, 2014 ஜனவரில இயன் புயல் வீடுகளை வாரிட்டுப் போச்சு. 2022 ஜனவரி 15 எரிமலை வெடிச்சு சுனாமி வந்ததுல மாங்கோ தீவுல குடியிருக்க வீடே இல்லாம போய் ஊரையே காலி பண்ணி எயூவால குடி வெச்சாங்க. கடலடி கேபிள் அறுந்தப்போ டோங்காடாபுக்கு அஞ்சு வாரத்துல நெட் திரும்பிடுச்சு, ஹாபாய்க்கும் வாவாவுக்கும் ஒன்றரை வருஷம் கிட்ட ஆச்சு. அதனால நெட்டை நம்பி வேலை பாக்கறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல வேணும்ங்கறவங்க டோங்காடாபுலயே இருங்க. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் சீசன், அப்போ ஹாபாய்க்கு பிளான் போடாதீங்க.

சாப்பாடு மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், மண்ணுக்குள்ள சூடான கல்லுல வேக வெக்கற உமு, அதுல லூ. சேம்பு இலைல கறி, வெங்காயம், தேங்காய்ப்பால் வெச்சு பொட்டலமா கட்டி உள்ள வெப்பாங்க, சர்ச் முடிஞ்சு வந்து பிரிச்சா இலை வெண்ணெய் மாதிரி கரையும். வாவாவு ரிசார்ட்லயும் சாப்பிட்டேன், ஆனா ஹாபாய்ல அந்த அம்மா வீட்டுல பாய்ல உக்காந்து கையால சாப்பிட்ட ருசி அங்க இல்ல.

என்கிட்ட கேட்டா, பத்து நாள் இருந்தா நாலு நாள் டோங்காடாபு, ஆறு நாள் ஹாபாய், திமிங்கலம் ஹாபாய்லயே சீசன்ல பாக்கலாம், கூட்டமும் கம்மி. படகுல போறதுன்னா ஒரு ராத்திரி முழுக்க ஆகும். 2009ல ப்ரின்சஸ் ஆஷிகாங்கற பயணிகள் படகு முழுகி 74 பேர் போனதை அங்க யாரும் மறக்கல, கடல் கொந்தளிப்பா இருக்குன்னு ஊர்க்காரங்க வேணாம்னு சொன்னா கேட்டுக்கோங்க. எந்தத் தீவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை ப்ளேன் கிடையாது, கடை கிடையாது, 1875 அரசியலமைப்புலயே ஓய்வுநாள்னு எழுதி வெச்சிருக்காங்க, அதனால சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேண்டியதை வாங்கி வெச்சுட்டு காலைல தோள் மூடின சட்டையோட சர்ச் வாசல்ல போய் நில்லுங்க, யாராவது சாப்பிடக் கூப்பிடுவாங்க.