எம்ஜிபியை வீட்டில் தூக்கி நிறுத்த எது சரி: சாய்தளமா, ஜாக்கி ஸ்டாண்டா, குவிக்ஜாக்கா?

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் எம்ஜிபி. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் வீட்டிலேயே கழற்றிப் பூட்டுவதற்கு இதைவிடச் சுலபமானது குறைவு. ஆனால் அடியில் நுழைந்து வேலை பார்க்க முதலில் அதைத் தூக்க வேண்டும். அதற்கு எந்தச் சாமான் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், கார் எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது.

இந்தக் காருக்கு அடியில் தனிச் சட்டகம் (சேஸி) கிடையாது. உடலே சட்டகம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டிதான், அதிலும் கூரையில்லாத ரோட்ஸ்டரில், காரை நடுவில் தொங்காமல் பிடித்து வைத்திருக்கிறது. துரு முதலில் வருவதும் அங்கேதான். காரைத் தூக்கும்போது கதவு இடுக்கைக் கவனியுங்கள். இடுக்கு மாறினாலோ, கதவு இறுகித் திறக்க வராமல் போனாலோ சில் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே இறக்கிவிடுங்கள்.

காரோடு வந்த ஜாக்கியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது பக்கவாட்டில், கதவுக்கு அடியில் மாட்டித் தூக்குவது. ஒரு பக்கத்தின் இரண்டு சக்கரமும் சேர்ந்து எழும். வழியில் பஞ்சர் ஆனால் சரி. ஐம்பது வருடத் துருவை நம்பி அதில் காரைத் தொங்கவிட்டு அடியில் படுக்க முடியாது. பாட்டில் ஜாக்கியும் வேண்டாம்: அடிப்பாகம் சின்னது, சாய்ந்தால் சாய்ந்ததுதான். இந்தக் காரின் தரை இடைவெளியோ சுமார் 5 அங்குலம், பல பாட்டில் ஜாக்கிகள் உள்ளேயே போகாது. 1974 இறுதியில் வந்த ரப்பர் பம்பர் கார்கள் அமெரிக்க விதிகளுக்காக ஒரு அங்குலத்துக்கும் மேல் உயர்த்தப்பட்டவை. அவற்றிலும் சக்கரங்களில் உருளும் தாழ்வான ட்ராலி ஜாக்கிதான் வசதி.

ட்ராலி ஜாக்கியின் பெரிய லாபம், நடுவில் வைத்து முன்பக்கம் முழுவதையும் அல்லது பின்பக்கம் முழுவதையும் ஒரே தடவையில் தூக்கலாம் என்பது. முன்னால், முன் சக்கரங்களுக்கு இடையே ஓடும் குறுக்குச் சட்டத்தின் நடுவில், இடையில் ஒரு மரத்துண்டு வைத்துத் தூக்க வேண்டும். பின்னால், பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியின் உறையில் கனமான இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். அந்த உறையின் பின்பக்க மூடி மெல்லிய தகடு, அதில் ஜாக்கியின் விளிம்பு பட்டால் நசுங்கும். தூக்கத் தூக்க ஜாக்கி கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். ஜல்லித் தரையில் அது நகராது, காரைத்தான் பக்கமாக இழுக்கும். கான்கிரீட் தரை இல்லாதவர்கள் தடிமனான பிளைவுட் பலகை விரித்துக்கொள்ளட்டும்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். கியரில் போட்டு வைத்தாலும் அப்படியே. பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் இரண்டும் பயனற்றவை. காரைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரங்களுக்கு இருபுறமும் வைத்த கட்டைகள் மட்டுமே.

அப்புறம், ஜாக்கி தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்ட். உயரத்தைப் பூட்டுவது பல்சக்கர வகையா, ஊசி செருகும் வகையா? பல்சக்கர வகையில் உயரத்தை நுணுக்கமாக அமைக்கலாம், வேலையும் வேகம். ஆனால் காரின் எடை முழுவதும் ஒரு சின்ன நாக்கு பல்லில் சரியாக உட்கார்ந்திருப்பதை நம்பி நிற்கிறது. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் கடைகளில் விற்ற பிட்ஸ்பர்க் ஸ்டாண்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. அந்த நாக்கு விலகி ஸ்டாண்ட் திடீரென இறங்கக்கூடும் என்பதுதான் காரணம். மாற்றாகக் கொடுத்த ஒரு மாடலையும் வெல்டிங் குறைக்காக அதே ஆண்டு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஊசி வகையில் உயரப் படிகள் பெரிது, இரண்டு ஸ்டாண்டையும் ஒரே துளையில் வைத்தோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் கனமான இரும்பு ஊசி வெட்டுப்படாமல் கார் இறங்காது. என் ஓட்டு ஊசிக்குத்தான். பல்சக்கர வகைதான் வேண்டும் என்றால் கூடுதல் பூட்டு ஊசி உள்ளதாக வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்பதையும் படித்துவிடுங்கள்.

ஸ்டாண்டை முன்னால், குறுக்குச் சட்டத்துக்குச் சற்றுப் பின்னால் ஓடும் நீளப் பெட்டிச் சட்டங்களின் கீழ் வைக்கலாம். பின்னால் இரண்டு இடங்கள் உண்டு. ஆக்சில் குழாயின் கீழ் வைத்தால் ஸ்பிரிங்கில் எடை அப்படியே இருக்கும். பிரேக், சைலன்சர் வேலைக்கு இது போதும். ஸ்பிரிங்கையே கழற்றுவதானால் அது முன்னால் உடலோடு மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உடலைத் தாங்க வேண்டும், அந்த இடத்தில் துரு இல்லையென்றால். ஸ்டாண்டின்மேல் இறக்கி வைத்ததும் காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் அடியில் போவதற்கு முன்பே விழட்டும். கம்பிச் சக்கரம் உள்ளவர்கள் அதன் நடு நட்டைச் சுத்தியலால் தட்டித் தளர்த்தும் வேலையைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

காரை ஓட்டி ஏற்றி நிறுத்தும் சாய்தளத்தைச் சோம்பேறியின் வழி என்று சிலர் ஒதுக்குவார்கள். அது நியாயமில்லை. ஆயில் மாற்ற அதுதான் நிம்மதி. சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் நட்டுகளைக் கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஸ்டாண்டை விடச் சாய்தளமே பொருத்தம். சக்கரத்தைக் கழற்ற முடியாது என்பது ஒரு குறை. எம்ஜிபியின் தாழ்ந்த மூக்கு செங்குத்தான சாய்தளத்தில் இடிக்கும் என்பது இன்னொன்று. நீளமானதாக வாங்குங்கள், இல்லையென்றால் முன்னால் பலகை போட்டுச் சரிவைக் குறையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் பேச்சே வேண்டாம். அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

குவிக்ஜாக் என்பது இரண்டு நீளச் சட்டங்களும் ஒரு ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்த சாதனம். நான்கு சக்கரங்களும் ஒன்றாக, அரை மீட்டர் அளவுக்கு எழும். நடுப்பகுதி திறந்தே இருக்கும். கியர்பாக்ஸ் இறக்குபவர்களுக்குச் சுகம். இரும்புப் பூட்டு விழுந்த பிறகுதான் அடியில் போக வேண்டும், எண்ணெய் அழுத்தத்தை நம்பி அல்ல. விலை ஸ்டாண்டுகளைவிடப் பல மடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல், அது காரைச் சில் ஓரத்தில் தாங்குகிறது என்பது. அடியில் வெல்டிங் செய்து முடித்த, கெட்டியான எம்ஜிபி வைத்திருப்பவருக்கு இது அருமையான முதலீடு. சில் இன்னும் உளுத்திருக்கும் காருக்கு அந்தப் பணத்தை முதலில் வெல்டருக்குக் கொடுக்கலாம். அதுவரை ட்ராலி ஜாக்கியும் நான்கு ஊசி ஸ்டாண்டுகளும் போதும்.