லைலாவைத் தேடி ஒரு பெயர்ச் செயலிக்குள்

தங்கை மகளுக்குப் பெயர் பார்க்கும் பொறுப்பில் பாதி என் தலையில் விழுந்ததால், குழந்தைப் பெயர்களுக்கென்றே உள்ள ஒரு கைப்பேசிச் செயலியை மூன்று வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். பெயரின் பொருள், வரலாறு, அது எவ்வளவு பரவலாக வைக்கப்படுகிறது என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் தருவதாக அச்செயலி சொல்லிக்கொள்கிறது. தங்கையின் பட்டியலில் முதலில் இருந்தது லைலா என்பதால், அந்த ஒரு பெயரை வைத்தே அதைச் சோதித்தேன்.

பொருள் என்ற இடத்தில் 'இரவு' என்றும், அதையடுத்து 'கருநிற அழகி' என்றும் போட்டிருக்கிறது. அரபு மொழியில் லைல் என்றால் இரவு; லைலா அந்தச் சொல்லடியைச் சேர்ந்ததே, ஆகவே முதற்பொருள் சரி. இரண்டாவது, யாரோ பிற்பாடு ஒட்டிவைத்த அலங்காரம். இதைவிடப் பெரிய பிழை எழுத்தில் இருக்கிறது. பெயருக்குக் கீழே காட்டப்படும் அரபு வடிவத்தின் கடைசி எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளிகள் உள்ளன. அது 'ஓர் இரவு' என்ற பொதுச்சொல். பெண்ணின் பெயர், புள்ளியில்லாத 'யா'வைப் போலத் தோன்றும் அலிஃப் மக்ஸூராவில் முடிய வேண்டும். காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும் என்றாலும், பதிவேட்டில் அரபு எழுத்திலேயே எழுதப்போகும் பெற்றோர் இதை அப்படியே நகலெடுத்தால் பிள்ளைக்குப் பெயருக்குப் பதில் ஒரு பொதுச்சொல்தான் கிடைக்கும்.

13-ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ஸூர் தொகுத்த 'லிசானுல் அரப்' என்ற பேரகராதி, லைலா என்ற சொல்லுக்கு மது ஏறத் தொடங்கும் முதல் கிறக்கம் என்றும் ஒரு பொருள் தருகிறது. செயலியில் அது இல்லை. பெற்றோர் முகம் சுளிப்பார்கள் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதிர்ஷ்ட எண்ணுக்கும் அதிர்ஷ்டக் கல்லுக்கும் அரைப்பக்கம் ஒதுக்கியவர்களுக்கு அகராதிப் பொருளுக்கு இடமில்லாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரலாற்றுப் பகுதி பரவாயில்லை. 7-ஆம் நூற்றாண்டில் நடு அரேபியாவின் நஜ்துப் பகுதியில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பனூ ஆமிர் குலத்துக் கைஸ், அவன் பாடிய லைலா, அக்கதையை 1188-இல் கவிஞர் நிஸாமி பாரசீகக் காவியமாக்கியது ஆகியவை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கைஸுக்கு வழங்கும் மஜ்னூன் என்பது இயற்பெயர் அன்று, ஜின் பிடித்தவன் என்ற பட்டப்பெயர் என்பதையும் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காதலியோடுதான் இந்தப் பெயரே பிறந்தது என்ற தோற்றம் வந்துவிடுகிறது. இஸ்லாத்துக்கு முன்பே வாழ்ந்த கவிஞர் அம்ர் இப்னு குல்தூமின் தாய் பெயரும் லைலாதான். இன்றைய ஈராக்கில் இருந்த ஹீராவின் அரசன் அம்ர் இப்னு ஹிந்தின் தாய், விருந்துக்கு வந்த இந்த லைலாவிடம் ஒரு தட்டை எடுத்துத் தரும்படி ஏவ, "தேவைப்பட்டவர் எழுந்து எடுத்துக்கொள்ளட்டும்" என்று மறுத்ததாகவும், மீண்டும் வற்புறுத்தப்பட்டபோது இழிவு நேர்ந்துவிட்டதென்று லைலா குரலெழுப்ப, கவிஞரான அவர் மகன் அங்கேயே அரசனை வெட்டியதாகவும் மரபுக்கதை சொல்கிறது. உமையா அரசமரபினர் ஆண்ட காலத்துப் பெண்கவி லைலா அல்அக்யலிய்யாவும் செயலியின் கண்ணில் படவில்லை. பெண் குழந்தைக்குப் பெயர் தேடுபவர்களுக்கு, யாரோ ஒருவனால் பாடப்பட்டவளைவிடத் தானே பாடியவளைக் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

எங்களை நேரடியாகத் தவறாக வழிநடத்தியது புள்ளிவிவர வரைபடம்தான். ரோமன் எழுத்தில் இந்தப் பெயரின் நடுப்பகுதியை ஏ-ஒய், ஏ-ஐ, ஈ-ஐ, ஈ-ஒய் என நான்கு விதமாக எழுதுகிறார்கள். 1880 முதலான பெயர்களைப் பட்டியலிடும் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தனிப்பெயராகவே எண்ணுகிறது. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1813-இல் தம் கவிதை நாயகிக்குச் சூட்டியது ஈ-ஐ வடிவம்; 1970-இல் ராக் இசைக்கலைஞர் எரிக் கிளாப்டனின் பாட்டு பரப்பியது ஏ-ஒய் வடிவம். பிந்தையது இன்று அங்கே முதல் 100 பெயர்களுக்குள் நிற்கிறது. தங்கை துருக்கிய வழக்கில் ஈ-ஒய் என்று தட்டச்சு செய்ததும் 'அரிதான பெயர்' என்ற பச்சை முத்திரை வந்தது. பள்ளியில் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பாத பெயராக வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த அவள், அன்று மாலையே முடிவெடுத்துவிட இருந்தாள். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது எழுத்துக்கூட்டல் யார் காதிலும் விழாது. நான்கு வடிவங்களையும் தனித்தனியே தேடிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் உண்மை நிலவரம் புரிந்தது. அந்தக் கூட்டலைச் செயலியே செய்திருக்க வேண்டும்.

ஒலிப்புப் பொத்தான் ஆங்கில வழக்கில் 'லேலா' என்கிறது. அரபு ஒலிப்புக்குத் தமிழின் 'லை' மிக நெருக்கமானது என்பதால் நமக்கு அந்தப் பொத்தான் தேவையே இல்லை.

இலவசப் பதிப்பைப் பெயர்களைத் திரட்டவும், பிடித்தவற்றைக் குடும்பத்தாரோடு பகிரவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்த வசதி நன்றாகவே வேலை செய்கிறது. கட்டணப் பதிப்பில் கூடுதலாகக் கிடைப்பது அதே வரைபடமும் அதிர்ஷ்டக் கல்லும் மட்டுமே என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரபு வடிவத்தின் பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது, இரண்டு புள்ளிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.