கோட்டையா, கிணறா: பிளஸ் ஒன் மாணவருக்கு ஓராண்டுச் செயல்திட்டம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்துவிட்டு, மதிப்பெண்ணுக்காக இல்லாமல் தாமாகவே ஒரு செயல்திட்டம் செய்ய விரும்பும் வேலூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று யோசனைகளோடு என்னிடம் வருகிறார்கள். கோட்டையையும் அங்கு 1806-இல் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியையும் ஆவணப்படுத்துவது ஒன்று. தங்கள் தெருக் கிணறுகளின் நீரை ஓராண்டு அளந்து குறிப்பது மற்றொன்று. எலக்ட்ரானிக் கிட் வாங்கி ஒரு கருவி செய்வது மூன்றாவது. மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிரலும் சுற்றுப்படமும் கிட்டோடு சேர்ந்தே வந்துவிடுவதால், பிள்ளைக்கு ஒயர்களை இணைக்கும் வேலைதான் மிஞ்சுகிறது. வீட்டு நிலத்தில் உண்மையாகவே ஒரு தேவை இருந்தால் மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

கோட்டைக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அது காத்திருக்கும். காலாண்டுத் தேர்வுக்காக ஒரு மாதம் நோட்டை மூடி வைத்தாலும், அகழியும் மதிலும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அங்கேயே இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தது, புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறிக்குத் தடையும் அவர்களைக் கொதிக்க வைத்தது, ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியது எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன. அதைத் தாண்டிப் போக வேண்டுமானால் அக்கால ஆங்கிலக் கடிதங்களையும் இராணுவ அறிக்கைகளையும் படித்தாக வேண்டும். அவற்றைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போவது, ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கையிலுள்ள பதினாறு வயதுப் பிள்ளைக்கு எளிதன்று. அதனால் இத்தலைப்பை எடுத்தவர்களில் பலர், பாடநூலின் இரண்டு பக்கங்களை நாற்பது பக்கமாக விரித்து எழுதியதோடு நின்றுவிடுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

தலைப்பைச் சுருக்கினால் நிலைமை மாறும். கண்டியின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் பிடிபட்டு, வேலூரில் சிறைவைக்கப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்குள்ள முத்து மண்டபத்தையும், கோட்டைக்கு வெளியே உள்ள திப்பு குடும்பத்தாரின் கல்லறைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லின் அளவையும் எழுத்தையும் இன்றைய நிலையையும் பதிவு செய்தால், அது முழுக்க அந்த மாணவரின் உழைப்பாகவே இருக்கும்.

கிணற்று நீரோ முதல் நாளிலிருந்தே மாணவரின் சொந்தத் தரவைத் தருகிறது. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், பேனா அளவுள்ள டிடிஎஸ் மீட்டர், மூடியுள்ள பத்து பாட்டில்கள், ஒரு நோட்டு ஆகியவை போதும். பேரணாம்பட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி அளவெடுக்கும்போது உடன் சென்றேன். ஒவ்வொரு முறையும் மீட்டரின் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து எழுதினாள். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி, “அந்த போர் தண்ணில பருப்பே வேகாது கண்ணு, அதையும் எழுதிக்கோ” என்றார். நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதால், அந்த ஒரு வாக்கியமே அவளைக் கடினத்தன்மைச் சோதனைக்கும் இட்டுச் சென்றது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிடிஎஸ் மீட்டர் நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, கரைந்துள்ள உப்பின் அளவாக அதை மாற்றிக் காட்டும் கருவி; தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியத்தை அது தனியாகக் காட்டாது. இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிடில் 2000 வரை அனுமதி. எண் அதைத் தாண்டினால், உடனே “தோல் தொழிற்சாலையால் வந்தது” என்று எழுதிவிடப் பிள்ளைகள் துடிக்கிறார்கள். துடிப்புக்குக் காரணம் உண்டு: இம்மாவட்டத் தோல் கழிவு வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் நாட்டின் சட்டமாக ஏற்றது. ஆயினும் பாறையின் இயல்பாலும் உப்பு கூடலாம் என்பதால், ஆய்வகச் சோதனை இல்லாமல் அந்த முடிவை எழுதக் கூடாது. தெருவுக்குத் தெரு, மாதத்துக்கு மாதம் எண் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் நேர்மையாகச் சொன்னாலே போதுமான பணி.

கிணற்றின் குறை, அது காத்திருக்காது என்பதே. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும். அரையாண்டுத் தேர்வும் அதற்குள்தான் வரும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டதுபோல வெள்ளம் வரும் ஆண்டில், அந்த வாரத்து அளவைத் தவறவிட்டால் பிறகு எந்த விலை கொடுத்தும் பெற முடியாது. ஆகவே இதைத் தனியாளாகச் செய்ய வேண்டாம். தேர்வு வாரங்களில் அளந்து தரத் தங்கையையோ பக்கத்து வீட்டு நண்பனையோ இப்போதே பழக்கிவிட வேண்டும்.

அப்படி ஒரு துணை இருந்தால் நான் கிணற்றையே பரிந்துரைப்பேன். துணையில்லாதவரும், விடுதியில் தங்கி மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் வெளியே வர முடிந்தவரும் முத்து மண்டபத்துக்குப் போகலாம். கிணற்றைத் தேர்ந்தவர், மழைக்கு முந்தைய அளவு இல்லாமல் மழைக்குப் பிந்தைய அளவை ஒப்பிட வழியில்லாததால், முதல் அளவைப் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே எடுத்துவிட வேண்டும்.