பதிவு வகுப்பில் நெறியின்மைக் கோட்பாடு: ஒரு சமூகவியல் பயிற்சித் தொகுப்பின் மதிப்புரை

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்து, அதைத் தமிழிலேயே எழுதுவதென்று முடிவு செய்தவர்களுக்கு, நம்பிப் படிக்கத்தக்க குறிப்புகள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தெரிந்ததே. ஆகவே, பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சி நிறுவனம் முதல் தாளுக்கான காணொளிப் பதிவு வகுப்புகள், அச்சிட்ட குறிப்பேடுகள், விடைத்தாள் மதிப்பீடு ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக விற்கத் தொடங்கியபோது, கட்டணம் ரூ.9,000 என்று அறிந்தும் தயங்காமல் சேர்ந்தேன். இங்கே நெறியின்மை (anomie: சமூகத்தின் விதிகள் தளர்ந்து வழிகாட்டாமல் போகும் நிலை), பிறழ்வு (deviance: அந்த விதிகளை மீறும் செயல்) ஆகியவற்றைக் கையாளும் பகுதியை மட்டுமே எடைபோடுகிறேன். பாடத்திட்டத்தில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமின் கீழ் தற்கொலையும், அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் கீழ் இணக்கமும் பிறழ்வும் பெயர் சுட்டியே இடம்பெற்றுள்ளன என்பது ஒரு காரணம். கோட்பாட்டை உள்வாங்கிக் கற்பிக்கிறார்களா, மனப்பாடத்துக்குத் தருகிறார்களா என்பது இந்தப் பகுதியில் மறைக்க முடியாமல் வெளிப்பட்டுவிடும் என்பது இன்னொரு காரணம்.

துர்கைம் குறித்த இரண்டு காணொளிகளும் மிகச் சிறப்பானவை. ஆசிரியர் 1897இல் வெளிவந்த தற்கொலை ஆய்விலிருந்து நேரடியாகத் தொடங்காமல், 1893இல் வேலைப் பகுப்பைப் பற்றி துர்கைம் எழுதிய நூலுக்கு முதலில் அழைத்துச் செல்கிறார். தொழில்கள் பெருகிய வேகத்துக்கு அவற்றை இணைக்கும் விதிகள் வளராதபோது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவு ஒழுங்குபடாமல் கிடக்கும் நிலையைத்தான் துர்கைம் அங்கே நெறியின்மை என்று குறித்தார் என்பதை விளக்கிவிட்டு, அதன் பிறகே தற்கொலைக்கு வருகிறார். இதே சொல்லை துர்கைமுக்கு முன்பே, 1885இல், பிரெஞ்சுத் தத்துவவாதி குய்யோ புகழ்ச்சியான பொருளில், வெளியிலிருந்து சுமத்தப்படாத அறத்தின் விடுதலையாகக் கையாண்டிருந்தார் என்பதை ஓரிரு நிமிடங்களில் சொல்லிக் கடந்தது, கேட்பவரின் அறிவை மதிக்கும் செயல்.

அதைவிட முக்கியமாக, துர்கைம் திரட்டிய எண்களை ஆசிரியர் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 1873இன் நிதி நெருக்கடியை ஒட்டி வியன்னாவில் தற்கொலைகள் 1872இல் 141, 1873இல் 153, 1874இல் 216 என்று உயர்ந்ததைக் காட்டியதும், வறுமைதான் காரணம் என்ற முடிவுக்கு நாம் தாவப் போகும் நேரத்தில், ஏழ்மை மிகுந்த அயர்லாந்திலும் தென் இத்தாலியின் கலாப்ரியாவிலும் தற்கொலை மிகக் குறைவு என்பதையும், ஒன்றிணைந்த இத்தாலியில் வளம் பெருகிய ஆண்டுகளிலேயே அது கூடியது என்பதையும் அடுத்தடுத்து எடுத்து வைக்கிறார். வீழ்ச்சியானாலும் ஏற்றமானாலும், ஒருவர் எவ்வளவு ஆசைப்படலாம் என்று சமூகம் வகுத்திருந்த அளவுகோல் திடீரென்று குலைவதே கேட்டுக்கு மூலம் என்ற வாதம் அதற்குப் பிறகு தானாகவே விளங்குகிறது. ஒழுங்கு மிகையாகி நெரிக்கும்போது நிகழும் தற்கொலையை, தன் வகைப்பாட்டின் நான்காவது வகையாக, துர்கைம் ஓர் அடிக்குறிப்பில் மட்டுமே சொல்லிச் சென்றார் என்பதைக்கூட ஆசிரியர் விடவில்லை.

மெர்ட்டன் பற்றிய காணொளியும் ஏறத்தாழ இதே தரத்தில் இருக்கிறது. 1910இல் பிலடெல்பியாவில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் மேயர் ஸ்கோல்னிக் என்ற பெயரோடு பிறந்தவர், இளம் வயதில் மேடையில் மாயவித்தை செய்வதற்காகப் பெயரை மாற்றிக்கொண்டவர், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் நினைவு ஆறாத 1938இல் அமெரிக்கக் கனவைப் பற்றி அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார் என்ற பின்னணி பாடத்தோடு ஒட்டி நிற்கிறது. ஆசைக்கு இயல்பிலேயே எல்லை இல்லை, எல்லை வகுப்பது சமூகம் என்பது துர்கைமின் நிலைப்பாடு. அந்த ஆசையைக் கற்றுக்கொடுப்பதே பண்பாடுதான், அதை எட்டுவதற்கான நேரிய வழிகளை எல்லாருக்கும் திறந்துவிடாதது சமூக அமைப்பு என்பது மெர்ட்டனின் நிலைப்பாடு. இந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக நான் வேறு எங்கும் தமிழில் கேட்டதில்லை. இலக்கை ஏற்றுக்கொண்டு நேரிய வழியைக் கைவிடுவதற்கு மெர்ட்டன் வைத்த ‘புதுமை காணல்’ என்ற சொல் நம் காதில் பாராட்டாக ஒலிப்பதால், மெர்ட்டனே அந்தக் கட்டுரையில் சுட்டும் சிகாகோ குற்றக்கும்பல் தலைவன் அல் கபோனை நினைவூட்டி, அது பாராட்டு அன்று, குறுக்குவழிக்கு வைத்த பெயர் என்று ஆசிரியர் எச்சரிக்கவும் செய்கிறார்.

இத்தனை நன்றாக வாயால் சொன்னதை அச்சிட்ட குறிப்பேடு கெடுத்துவிட்டது என்பதே என் முதன்மையான குறை. நெறியின்மைக்கும் பிறழ்வுக்கும் இரண்டு இடங்களிலும் ‘நெறிபிறழ்வு’ என்ற ஒரே சொல் ஆளப்பட்டிருக்கிறது. இதைச் சொல்லாட்சிப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. முன்னது ஒரு சமூகத்தின் நிலை. பின்னது ஓர் ஆளின் செயல். இரண்டையும் ஒன்றாக்கினால், ‘சமூக அமைப்பு தரும் அழுத்தமே சிலரைப் பிறழ்வுக்குத் தள்ளுகிறது’ என்ற மெர்ட்டனின் வாதம், ‘நெறிபிறழ்ந்தவர்கள் நெறிபிறழ்கிறார்கள்’ என்று சுருங்கிப் போகிறது. குறிப்பேட்டின் 41ஆம் பக்கத்தில் ‘தனிமனித ஒழுக்கச் சிதைவே நெறிபிறழ்வின் காரணம்’ என்று ஒரு வரி இருக்கிறது. எந்த விளக்கத்தை மறுப்பதற்காக மெர்ட்டன் எழுதினாரோ, அதே விளக்கம் அவர் பெயரின் கீழேயே அச்சாகியிருப்பதைப் பார்த்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

இலக்கையும் வழியையும் மனிதர்கள் ஏற்பதையோ (கூட்டல் குறி) மறுப்பதையோ (கழித்தல் குறி) வைத்து மெர்ட்டன் வகுத்த ஐந்து தகவமைப்புகளைக் காட்டும் அட்டவணையிலும் பிழை உண்டு. இலக்கை ஏற்று வழியைக் கைவிடுவது புதுமை காணல். இலக்கைத் தளர்த்திவிட்டு வழியை மட்டும் இறுகப் பற்றுவது சடங்குத்தனம். இவ்விரண்டின் கூட்டல், கழித்தல் குறிகள் இடம் மாறிக் கிடக்கின்றன. கலகத்துக்கு மெர்ட்டன் இட்ட இரட்டைக் குறி (பழைய இலக்கையும் வழியையும் தள்ளிப் புதியவற்றை நிறுத்துதல் என்பதன் அடையாளம்) எழுத்துரு மாற்றத்தில் தொலைந்து வெறும் கூட்டலாகிவிட்டதால், கலகக்காரரும் இணங்கிப் போகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

மெர்ட்டனுக்குப் பின் வந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் மொத்தம் இருபத்தைந்து நிமிடம். ஆல்பர்ட் கோஹன் 1955இல் சுட்டிய, பணப் பயன் ஏதும் இல்லாத சிறார் குற்றங்களை மெர்ட்டனின் சட்டகம் எப்படி விளக்கும் என்ற கேள்வி எழுப்பப்பட்டு, விடை முடிவதற்குள் அடுத்த படவில்லை வந்துவிடுகிறது. கள்ள வழிகளும் எல்லாருக்கும் சமமாகத் திறந்திருப்பதில்லை, திருடக்கூடக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று கிளவார்டும் ஓலினும் 1960இல் செய்த அருமையான திருத்தம் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. அழுத்தத்தைப் பொருளாதார இலக்கிலிருந்து விடுவித்து, அன்புக்குரியவரை இழப்பதையும் வதைபடுவதையும் சேர்த்து, அழுத்தத்துக்கும் குற்றத்துக்கும் இடையில் சினத்துக்கு ஓர் இடம் கொடுத்த ராபர்ட் அக்னியூவின் 1992ஆம் ஆண்டுக் கோட்பாட்டுக்கு ஆண்டும் பெயரும் மட்டுமே கிடைத்தன. வழி அடைபட்டவர்களே பிறழ்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு எதிராக, வசதி படைத்தோரின் குற்றங்களை 1939லேயே சதர்லாந்து முன்வைத்திருந்தார் என்ற வலுவான எதிர்வாதம் காணொளியிலும் இல்லை, குறிப்பேட்டிலும் இல்லை. மெர்ட்டனை விமர்சிக்கச் சொல்லும் வினாவுக்கு முதலில் எழுத வேண்டியது அதுவே.

விடைத்தாள் மதிப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துர்கைமையும் மெர்ட்டனையும் ஒப்பிட்டு 150 சொற்களில் நான் எழுதிய விடை பதினேழு நாள் கழித்து, ‘நன்று, வரைபடம் சேர்க்கவும்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எந்த வரைபடம் என்று கேட்டதற்கு 41ஆம் பக்கத்து அட்டவணையைப் பார்க்கச் சொன்னார்கள்.

பிழைகளைப் பட்டியலிட்டு நிறுவனத்துக்கு எழுதியபோது, நான் சொன்ன குறைகள் நியாயமானவை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டு, பத்து நாளில் திருத்தப்பட்ட அட்டவணையைக் கோப்பாக அனுப்பினார்கள். இதற்காக அவர்களைப் பாராட்டவே வேண்டும். காணொளிகளை மட்டும் ரூ.4,000க்குத் தனியாகவும் தருகிறார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். புதிதாகச் சேருபவர்கள் அதை வாங்கிக்கொண்டு, குறிப்பைத் தங்கள் கையாலேயே எழுதிக்கொள்வது நல்லது. புதிய அட்டவணையில் புதுமை காணலும் சடங்குத்தனமும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. கலகத்தின் எதிரே இப்போதும் வெறும் கூட்டல் குறிதான் இருக்கிறது.