மாட்டைக் கடிக்கும் ஈக்கு எது வழி: மருந்து, துணிப்பொறி, கூளம் அகற்றல் – ஓர் ஒப்பீட்டு அலசல்

ஹோஸ்கோட்டேயிலிருந்து மாலூர் செல்லும் சாலையோரக் கிராமம் ஒன்றில் என் தாய்மாமா எட்டுக் கறவை மாடுகள் வைத்திருக்கிறார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து அங்கேயே நிலைத்துவிட்ட குடும்பம் அது. பெங்களூரில் வேலை பார்க்கும் நான் மாதம் இருமுறையாவது அங்கே போய்வருவேன். சென்ற மழைக்காலத்தில் போனபோது மாடுகள் ஓயாமல் காலை உதறிக்கொண்டும், ஒன்றன் பின்னால் ஒன்று ஒதுங்கி நின்றுகொண்டும் இருந்தன. கறக்கும் நேரத்தில் ஒரு மாடு உதைத்ததில் பால் முழுவதும் கொட்டிப்போனது. “மருந்தடிச்சு மூணு நாள் கூட ஆகலை மாப்ளே, மருந்துக்கே கேக்க மாட்டேங்குது” என்றார் மாமா. அந்த ஒரு வாக்கியம் உண்மையா, உண்மையென்றால் அடுத்து எதை நம்புவது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த ஒப்பீடு தொடங்கியது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் எந்த ஈ என்பதை உறுதிசெய்துகொள்வது மிக அவசியம். ஏனெனில் ஒரு ஈக்கு முதலிடத்தில் வைக்க வேண்டிய வழி, இன்னொரு ஈக்குக் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. மாட்டின் முன்னங்கால்களில் தலையை மேல்நோக்கி வைத்து உட்கார்ந்திருப்பது தொழுவ ஈ. அறிவியலில் இதன் பெயர் ஸ்டோமாக்சிஸ் கால்சிட்ரன்ஸ். பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும். ஆனால் வீட்டு ஈக்கு நக்கி உறிஞ்சும் வாய்தான் உண்டு. தொழுவ ஈக்கோ தலைக்கு முன்னால் ஊசி போல நீட்டிய உறிஞ்சுகுழல் இருக்கும். ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். மாட்டின் தோளிலும் முதுகிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, கையை வீசினால் எழும்பி மீண்டும் அதே இடத்தில் அமர்வது எருமை ஈ. அளவில் அது தொழுவ ஈயில் பாதிதான் இருக்கும்.

இந்த இரண்டுக்கும் இடையே உருவத்தைவிட வாழ்முறையில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. எருமை ஈ இரவும் பகலும் மாட்டின் மேலேயே வாழ்கிறது. பெண் ஈ மட்டும் அப்போதுதான் விழுந்த சாணத்தில் முட்டையிட இறங்கி, உடனே திரும்பி ஏறிவிடும். தொழுவ ஈயோ சில நிமிடங்கள் மட்டுமே காலில் அமர்ந்து வயிறு நிறையக் குடித்துவிட்டு, நாளின் மற்ற நேரமெல்லாம் சுவரிலும் தூணிலும் வேலிச்செடிகளிலும் ஓய்வெடுக்கிறது. முட்டையிடுவதும் புதுச் சாணத்தில் அன்று. மூத்திரமும் சாணமும் கலந்து ஊறி அழுகும் வைக்கோல், கேழ்வரகுத் தாள், தொட்டியடியில் கிடந்து புளித்த தீவனம் போன்றவற்றில்தான்.

இனி வழிகளுக்கு வருகிறேன். முதலாவது, பெரும்பாலோர் கையாள்வது: பைரெத்ராய்டு வகை மருந்தை மாட்டின் மீது தெளிப்பது அல்லது முதுகில் ஊற்றுவது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃபுளூமெத்ரின் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பயன் உடனே கண்ணுக்குத் தெரியும், செலவு குறைவு, ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். எருமை ஈக்கு இது நேரடியான தாக்குதல், ஏனெனில் ஈ இருக்கும் இடமும் மருந்து இருக்கும் இடமும் ஒன்றே. ஆனால் அதே காரணத்தால்தான் அந்த ஈயிடம் எதிர்ப்புத்திறன் மிக வேகமாக உருவாகிறது. மாட்டின் மேல் இருக்கும் ஈக்கள் ஏறக்குறைய அனைத்தும் மருந்தைச் சந்திக்கும்போது, பிறவியிலேயே தாங்கும் மரபணு கொண்ட ஒன்றிரண்டு மட்டும் பிழைத்து, அடுத்த தலைமுறை முழுவதையும் தாமே பெற்றெடுக்கின்றன. மருந்தையே சந்திக்காத ஈக்கள் வந்து கலந்து அந்த மரபணுவை நீர்த்துப்போகச் செய்ய வாய்ப்பே இருப்பதில்லை. அமெரிக்காவில் 1980 வாக்கில் பைரெத்ராய்டு தோய்த்த காதுப்பட்டைகள் மாடுகளுக்கு மாட்டப்பட்டபோது, எருமை ஈயின் நெருங்கிய உறவான கொம்பு ஈ முதலில் அறவே மறைந்தது போலத் தோன்றியது. சில ஆண்டுகளிலேயே தென் மாநிலங்களில் அந்தப் பட்டைகள் பலனற்றுப் போயின.

உடலுக்குள் நடப்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடையில் எந்தப் புட்டியை வாங்குவது என்ற முடிவு இதில்தான் தொங்குகிறது. பைரெத்ராய்டு, ஈயின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலை, அதாவது சோடியத்தை நரம்புக்குள் விடும் புரதத்தை, திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. நரம்பு ஓயாமல் துடித்து ஈ கீழே விழுகிறது. அந்த வாயிற்புரதத்தில் 1014-ஆம் இடத்தில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் வேறொன்றாக மாறிவிட்டால் மருந்தின் பிடி தளர்கிறது. வீட்டு ஈயிலும் கொம்பு ஈயிலும் அந்த இடத்தில் ஃபினைல்அலனின் வந்து அமர்ந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொழுவ ஈயில் ஹிஸ்டிடின் வந்திருந்தது 2011-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. டி.டி.டி. என்ற பழைய பூச்சிமருந்தும் இதே வாயிலைத்தான் தாக்குகிறது. ஆகவே பைரெத்ராய்டு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் டி.டி.டி. கற்றுக்கொடுத்த பாடத்தை ஈக்கள் பைரெத்ராய்டுக்கும் பயன்படுத்திக்கொள்கின்றன. இது தவிர, மருந்து நரம்பை எட்டும் முன்பே அதைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கும் வழியும் ஈக்களுக்கு உண்டு.

ஆகவே “போன தடவை டெல்டாமெத்ரின் அடித்தேன், இந்தத் தடவை மாற்றி சைபர்மெத்ரின் வாங்கினேன்” என்பது மாற்றமே அன்று. பெயரும் புட்டியும் மாறின, தாக்கும் இடம் மாறவில்லை. லேபிளில் செயல்முறைக் குழு எண், அதாவது மருந்து பூச்சியின் உடலில் எப்படித் தாக்குகிறது என்பதைக் காட்டும் எண், அச்சிட்டிருந்தால் அதைப் பார்ப்பது நல்லது: பைரெத்ராய்டுகள் அனைத்துக்கும் 3ஏ, ஆர்கனோபாஸ்பேட்டு என்ற வேறொரு மருந்துக் குடும்பத்துக்கு 1பி. அமிட்ராஸ் 19-ஆம் குழு. குழு வேறுதான், ஆனால் அது உண்ணிக்கும் சொறிப்பூச்சிக்குமான மருந்து, ஈக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. ஒரு காலத்தில் கொட்டகைகளில் தாராளமாகப் புழங்கிய நுவான், அதாவது டைகுளோர்வாஸ், 2018-இல் வந்த மத்திய அரசின் ஆணைப்படி 2020 இறுதியோடு தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆகச் சுழற்சி முறையில் மாற்றி அடிப்பது என்ற இரண்டாவது வழி கோட்பாட்டில் சரியானதே என்றாலும், கறவை மாட்டுக்காரரின் கையில் சுழற்றுவதற்கு மிகச் சில சீட்டுகளே இருக்கின்றன.

விளைநிலத்தை ஒட்டிய தொழுவங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹோஸ்கோட்டே, மாலூர், கோலார் வட்டாரத்தில் தக்காளிக்கும் கத்தரிக்கும் முட்டைக்கோசுக்கும் அடிக்கப்படுவதும் பெரும்பாலும் இதே பைரெத்ராய்டுகள்தாம். ஈ ஓய்வெடுக்கும் வேலியோரச் செடியிலும், அது முட்டையிடும் அழுகிய காய்கறிக் கழிவிலும் மருந்தின் மிச்சம் குறைந்த அளவில் படிந்திருக்கிறது. குறைந்த அளவு என்பதுதான் ஆபத்து. மேலே சொன்ன மரபணு பெரும்பாலும் ஒடுங்கு பண்புடையது; பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற ஈ முழு அளவு மருந்தில் இறந்துவிடும், நீர்த்த மருந்தில் பிழைத்துவிடும். மாமா தம் கொட்டகையில் ஒரு முறைகூடத் தெளிக்காமல் இருந்தாலும், பக்கத்து வயல் அவருடைய ஈக்களைப் பழக்கிக்கொண்டிருக்கும்.

தொழுவ ஈயைப் பொறுத்தவரை மருந்தின் தோல்விக்கு எதிர்ப்புத்திறன் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஈ அமர்வது முன்னங்காலின் கீழ்ப்பகுதி. மருந்து விழுவது முதுகு. காலில் பட்டதும் ஈரப்புல்லிலும் மூத்திரத்திலும் கழுவிப்போகிறது. இதைப் பிரித்தறிய நாங்கள் ஓர் எளிய சோதனை செய்தோம். லேபிளில் சொன்ன அளவில் மருந்து தெளித்து உலர்த்திய பலகை ஒன்று, தெளிக்காத பலகை ஒன்று. வலையில் பிடித்த தொழுவ ஈக்களை இரண்டாகப் பிரித்து, சல்லடையால் மூடி ஒரு மணி நேரம் வைத்தோம். தெளிக்காத பலகையில் எல்லாம் நடமாடின. தெளித்த பலகையில் பெரும்பாலானவை விழுந்தன. ஆனால் விழுந்தவற்றில் சில மறுநாள் காலை எழுந்து பறந்தன. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது என்றாலும் எங்களுக்கு இரண்டு செய்திகளைச் சொன்னது. மருந்து ஈயைத் தொட்டால் இன்னும் வேலை செய்கிறது, ஆனால் பெரும்பாலும் தொடுவதே இல்லை. அதோடு, விழுந்து எழும் ஈக்கள் தோன்றத் தொடங்கிவிட்டன. அளவை இரட்டிப்பாக்கி வாராவாரம் அடித்துக்கொண்டிருந்தால் மிஞ்சப்போவது அவற்றின் பிள்ளைகள்தாம்.

மருந்துக்கு எதிராக மாமாவின் ஊரில் இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. அவர் கொட்டகையிலிருந்து அறுபதடி தூரத்தில் பக்கத்து வீட்டு கௌடரின் பட்டுப்புழு மனை. பைரெத்ராய்டின் சிறு தூறல் மல்பெரி இலையில் பட்டாலும் புழுக்கள் சுருண்டு விழும். ஒரு தட்டு வளர்ப்பு முழுவதும் போய்விடும். இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு சந்தர்ப்பமும் இதனால் உண்டானது.

மூன்றாவது வழி துணிப்பொறி. ஆப்பிரிக்காவில் செட்சி ஈக்காக உருவான பொறிகள், தொழுவ ஈயையும் குதிரை ஈயையும் நன்றாகவே பிடிக்கின்றன. கென்யாவில் உருவான ‘நிசி’ என்ற முக்கோணப் பொறி மிக எளிமையானது: முன்பக்கம் நீலத்துணி, உள்ளே கறுப்புத்துணி, பின்பக்கமும் கூம்பும் வெள்ளைக் கொசுவலை, உச்சியில் ஒரு புட்டி. நீலத்தால் ஈர்க்கப்பட்டுக் கறுப்பை நோக்கி நுழையும் ஈ, வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறிப் புட்டியில் அடைபடுகிறது. சிக்பேட்டையில் துணி வாங்கி மாமி தைத்தார். நீலம் எந்த நீலமானாலும் போதாது. அடர்ந்த, பளிச்சென்ற மயில்நீலத்தை ஒத்த சாயமே நன்றாக ஈர்க்கிறது, முதலில் வாங்கிய வெளிர்நீலத் துணியில் ஈக்கள் அதிகம் விழவில்லை. வெயில் படும் இடத்தில், தரையை ஒட்டி, ஈ ஓய்வெடுக்கும் வேலிக்கும் மாட்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். பொறியில் எத்தனை ஈ விழுந்தாலும் அது மருந்து எதிர்ப்பைக் கூட்டுவதில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு. மாட்டின் மேலேயே குடியிருக்கும் எருமை ஈக்கு இது பெரிதாக உதவாது. தொழுவ ஈயைக்கூடக் குறைக்குமே தவிர, அழுகும் கூளம் பக்கத்தில் இருக்கும்வரை ஒழிக்காது.

அந்தக் கூளத்தை அகற்றுவதே நான்காவது வழி. தொழுவ ஈக்கு என் மதிப்பீட்டில் இதுவே முதலிடம். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறக்க வெப்பமான நாள்களில் இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. வாரம் ஒரு முறை கூளத்தை வாரி மெல்லிய படலமாக வெயிலில் பரப்பினால் புழுக்கள் உலர்ந்து சாகும். பரப்ப இடமில்லையெனில் குவித்துக் கறுப்புத் தார்ப்பாயால் இறுக மூடலாம்; உள்ளே ஏறும் சூடு புழுவைக் கொல்லும், மூடிய குவியலில் ஈ முட்டையிடவும் முடியாது. பெங்களூர்ப் புறநகரில் தீவனமாகப் பரவலாகப் புழங்கும் ப்ரூவரி சக்கையை (பீர் ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கை) இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். மாமா அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே கொட்டி வைத்திருந்தார். அடியில் புளித்துக் கசிந்த பகுதியைக் கிளறியபோது புழுக்கள் நெளிந்தன. எத்தனை புட்டி மருந்து வாங்கியும் தீராத கணக்கு அந்த ஒரு மூலையில் இருந்தது.

இந்த வழியின் விலை பணம் அன்று, ஆள். “தினம் ஒரு மணி நேரம் இதுக்குன்னு யாரு நிப்பா?” என்று மாமா கேட்டதில் நியாயம் இருக்கிறது. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில், ஐந்து நிமிடத்தில் முடியும் மருந்துக்கு மனம் சாய்வதைக் குறை சொல்ல முடியாது. சக்கையை மூடியுள்ள டிரம்முக்கு மாற்றியதும், மூத்திரக் கால்வாயைச் சற்றுச் சரிவாக்கியதும் அந்த ஒரு மணி நேரத்தை வெகுவாகக் குறைத்தன.

கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றழிக்கும் சிறு குளவிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பலாஞ்சியா, மஸ்கிடிஃபுராக்ஸ் வகைக் குளவிகள் பல நாடுகளில் தொழுவங்களில் விடப்படுகின்றன. பலன் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. கர்நாடகத்துப் பட்டு விவசாயிக்கு இந்த எண்ணம் புதிதன்று. பட்டுப்புழுவைத் தாக்கும், 1980-இல் இம்மாநிலத்துக்குள் நுழைந்த ஊசி ஈயை அடக்க, வீட்டு ஈயின் கூட்டுப்புழுக்களில் வளர்க்கப்பட்ட நெசோலிங்ஸ் தைமஸ் குளவி பட்டு மனைகளில் விடப்படுகிறது. ஒன்று மட்டும் உறுதி: பைரெத்ராய்டு தெளிக்கும் கொட்டகையில் குளவி பிழைக்காது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. வேப்பிலைப் புகைமூட்டமோ, புகை இருக்கும் நேரம் வரை மாட்டுக்கு இளைப்பாறுதல் தரும், அவ்வளவே.

இவற்றையெல்லாம் எடைபோட்டு மாமாவிடம் நான் சொன்ன வரிசை இதுதான். தொழுவ ஈக்குக் கூளம் அகற்றல் முதலில், துணிப்பொறி அடுத்து. எருமை ஈ பெருகினால் மட்டும் மருந்து; அதையும் முழு அளவில், உள்ள மாடுகளில் சிலவற்றைத் தெளிக்காமல் விட்டு, அடுத்த பருவத்தில் குழு எண் மாற்றி. தெளிக்காத மாடுகளில் மருந்தறியாத ஈக்கள் தங்கிப் பிழைப்பதுதான் மருந்தின் ஆயுளை நீட்டுகிறது. விவசாயிக்கு இதை ஏற்க மனம் வருவது கடினம் என்பதும் எனக்குப் புரிகிறது. முன்னங்காலுக்குச் சராசரியாக ஐந்து ஈக்கு மேல் காலை நேரத்தில் எண்ணினால் மாட்டுக்கு உண்மையான இழப்பு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதற்குக் கீழே இருக்கும்போது ஸ்பிரேயரைத் தொட வேண்டியதில்லை. 2022-இல் தோல் கழலை நோய் கர்நாடகத்தையும் தாக்கியபோது கடிக்கும் ஈக்கள் அந்த வைரஸை மாட்டுக்கு மாடு சுமந்தன. சர்ரா நோயின் ஒட்டுண்ணியையும் தொழுவ ஈயும் குதிரை ஈயும் பரப்புகின்றன. அப்படிப்பட்ட நாளில் மருந்து அடித்த உடனே கேட்க வேண்டும். இன்று அதைச் சில்லறையாகச் செலவழித்துவிட்டால் அன்று கையில் ஒன்றுமிருக்காது.

தொழுவ ஈ சில கிலோமீட்டர் பறக்கக்கூடியது. ஆகவே மாமாவின் கொட்டகை மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. கௌடரின் பட்டுப்புழுக் கழிவும் மல்பெரித் தண்டும் அவர் எருக்குழியில் ஊறிக்கொண்டிருந்தன. மாமா ஸ்பிரேயரைக் கொட்டகையில் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தபின், கௌடர் தம் எருக்குழிக்குத் தார்ப்பாய் போட இசைந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு வீட்டுக் குவியலையும் சேர்ந்தே கிளறுகிறார்கள்.